அழிக்கப்பட வேண்டிய கோப்பும் காக்கிச் சட்டையும்

காவலர் பணிக்கு விண்ணப்பித்து, எழுத்துத் தேர்விலும் உடற்தகுதித் தேர்விலும் வென்ற இளைஞர் ஒருவர் இறுதியாக ஒரு சான்றுறுதிப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். எங்கள் பக்கத்தில் இதை ‘வெரிஃபிகேஷன் ஃபாரம்’ என்பார்கள். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, உங்கள்மீது வழக்குத் தொடரப்பட்டிருக்கிறதா, காவலில் வைக்கப்பட்டிருக்கிறீர்களா, அபராதம் விதிக்கப்பட்டிருக்கிறதா, தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா என்று அது வரிசையாகக் கேட்கும். தவறான தகவல் தருவதும் தகவலை மறைப்பதும் பணிக்குத் தகுதியின்மையாகக் கொள்ளப்படும் என்ற எச்சரிக்கை அதன் உச்சியிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

இந்தக் கேள்வியில் உள்ள ‘எப்போதாவது’ என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இப்பதிவு. பதினாறு வயதில் ஒரு வழக்கில் சிக்கி, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நின்று, எச்சரித்து அனுப்பப்பட்ட ஒருவன் இருபத்திரண்டு வயதில் இந்தக் கட்டத்துக்கு நேரே என்ன எழுத வேண்டும்? ‘ஆம்’ என்று எழுதினால் தேர்வுக் குழு அவனை ஐயத்தோடு பார்க்கும். ‘இல்லை’ என்று எழுதினால், பயிற்சிக் காலத்தில் பழைய நாட்குறிப்பு ஒன்று வெளிப்பட்டு, தகவலை மறைத்த குற்றத்துக்காகவே வீட்டுக்கு அனுப்பப்படுவான். சட்டமோ, இவ்விரண்டில் எதுவும் அவனுக்கு நேரக் கூடாது என்று சொல்கிறது. சட்டம் சொல்வதும் படிவம் கேட்பதும் ஒன்றையொன்று அறியாமல் பல ஆண்டுகளாக அருகருகே கிடக்கின்றன.

இது எல்லா ஊர்களுக்கும் உரிய சிக்கல்தான். ஆயினும் நான் இதை மைசூர் மைன்ஸிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. கோலார் தங்கவயலில் மக்களுக்கும் காவல்துறைப் பதிவேட்டுக்கும் உள்ள உறவு நீண்டது. ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கங்களை நடத்திய காலத்தில், தங்கம் கலந்த கல்லை உரிய காரணமின்றிக் கையில் வைத்திருப்பதையே குற்றமாக்கும் தனிச் சட்டங்களை மைசூர் அரசு இயற்றியது. சுரங்கத்தினின்று வெளியே வரும் ஒவ்வொரு தொழிலாளியும் சோதனைக்குட்பட்டே வந்தான். பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவன் மேலே வந்ததும் முதலில் திருடனாகக் கருதப்பட்டான். அவன் திருடவில்லை என்பது அதன் பிறகே முடிவாயிற்று. 1930-இல் தொழிலாளர்களைக் கைரேகையுடன் பதிவுசெய்யும் திட்டம் வந்தபோது ஏறத்தாழ மூன்று வாரங்கள் சுரங்கங்கள் நின்றுபோயின. கூலி உயர்வைப் போலவே, தம் பெயர் எந்தப் பதிவேட்டில் எவ்வாறு எழுதப்படுகிறது என்பதற்காகவும் இம்மக்கள் போராடியிருக்கிறார்கள் என்பது வரலாற்று மாணவர்கள் அதிகம் பேசாத செய்தி. 1946 நவம்பரில் போலீசாரின் தாக்குதலில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கோலார் வருவாய் மாவட்டத்துக்குள்ளேயே தங்கவயலுக்கென்று தனிப் போலீஸ் மாவட்டம் இன்றுவரை நீடிப்பதும், இந்த நிலத்தை அரசு எந்தக் கண்ணோடு பார்த்தது என்பதன் எச்சம்தான்.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது காவலர் தேர்வு எழுதும் வயதில் இருக்கிறார்கள். பாட்டன் சுரங்கத்தில் இறங்கினார், தகப்பன் விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போனார். மகனுக்கு எஞ்சியிருப்பவை அதே ரயில், மூடிய சுரங்கங்கள், சயனைடு மண் மேடுகள், துருப்பிடித்த இரும்பு. அந்த இரும்பும், அந்த மண்ணில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும் தங்கத் துகளும் பதின்ம வயதுப் பையன்களை இழுக்கின்றன. காவலாளி பிடித்தால் வழக்கு. பிடிக்காவிட்டால் அன்றைய செலவுக்குப் பணம். 2020 மே மாதத்தில், ஊரடங்கினால் வேலையற்றுக் கிடந்த நாட்களில், மூடிய சுரங்கம் ஒன்றினுள் இறங்கியவர்களில் மூவர் உயிரிழந்தார்கள். அந்தக் குழியின் விளிம்புவரை போய்த் திரும்பியவர்களும், பழைய இரும்பைச் சுமந்தபோது பிடிபட்டவர்களும், தெருச் சண்டையில் பெயர் சேர்க்கப்பட்டவர்களும் இதே லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள்தாம். காக்கிச் சட்டை அணிய வேண்டும் என்று அதிகாலையில் ஓடிப் பழகும் பையன்களும் இங்கிருந்தே வருகிறார்கள். சில வேளைகளில் இருவரும் ஒருவரே.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள இளைஞர் நீதிச் சட்டம், 2015, பதினெட்டு வயது நிறையாதவரைக் ‘குற்றவாளி’ என்று அழைப்பதில்லை. ‘சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை’ என்றே அழைக்கிறது. அதன் 3-ஆம் பிரிவு அடுக்கும் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று புதிய தொடக்கம் பற்றியது: தனிச் சூழல்கள் நீங்கலாக, குழந்தையின் பழைய பதிவுகள் யாவும் அழிக்கப்பட வேண்டும். 24-ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. ஒரு குழந்தை குற்றம் செய்ததாகக் குழுமம் முடிவு செய்தாலும், அதனால் வேறு எந்தச் சட்டத்தின்கீழும் அக்குழந்தைக்கு எந்தத் தகுதியின்மையும் ஏற்படாது. மேல்முறையீட்டுக் காலமோ நியாயமான ஒரு காலமோ முடிந்ததும் பதிவுகளை அழிக்கும்படி காவல்துறைக்குக் குழுமம் உத்தரவிட வேண்டும். 74-ஆம் பிரிவு காவல்துறையை நேரடியாகவே கட்டுப்படுத்துகிறது: முடிந்துபோன வழக்கில் ஒரு குழந்தையைப் பற்றிய பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகவோ வேறு எதற்காகவோ வெளிப்படுத்தக் கூடாது.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. பதினாறு வயது நிறைந்த ஒருவர் கொடுங்குற்றத்துக்காகச் சிறார் நீதிமன்றத்தில் வயது வந்தவரைப் போல விசாரிக்கப்பட்டு, குற்றம் உறுதியானால் இந்தப் பாதுகாப்பு அவருக்கு இல்லை. 2012 டெல்லிக் கொடுமைக்குப் பின் எழுந்த விவாதத்தின் விளைவு அது. அதன் நியாயம் தனியே பேச வேண்டியது. இங்கே நான் பேசுவது அவர்களைப் பற்றி அன்று. இரும்புத் திருட்டு, கைகலப்பு, வண்டி ஓட்டிப்போனது, கூட்டத்தில் நின்றது என்று வந்தவர்களைப் பற்றியே பேசுகிறேன்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கையில் சிக்கல் எங்கே எழுகிறது? என் பார்வையில் மூன்று இடுக்குகளில்.

சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகளில், மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரையோ ஏழு ஆண்டுகள்வரையோ பதிவுகளைப் பத்திரப்படுத்தி, அதற்கு மேல் வைக்காமல் அழித்துவிட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. ஏழு ஆண்டு என்பது கேட்பதற்குப் பெரிய பிழையாகத் தோன்றாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினாறு வயதில் வழக்கு என்றால் பதிவு இருபத்துமூன்று வயதுவரை உயிரோடிருக்கும். பதினேழு என்றால் இருபத்துநான்கு. காவலர் பணிக்கான வயது வரம்போ பெரும்பாலும் இருபதுகளின் நடுவில் முடிந்துவிடுகிறது. ஓர் இளைஞன் சீருடைப் பணிக்கு முயலக்கூடிய காலத்தின் பெரும்பகுதியில் அந்தக் கோப்பு அலமாரியில் இருக்கிறது; அவன் வயது வரம்பை நெருங்கும்போதுதான் அழிக்கப்படுகிறது. வேண்டுமென்றே இப்படி வகுத்திருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். விதி எழுதியவர்களின் மனக்கண்ணில் காவலர் தேர்வுக்கு ஓடும் ஏழைப் பையன் இருந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது இடுக்கு காவல்நிலையத்தில் இருக்கிறது. கொடுங்குற்றம் என்றாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகக் கூறப்பட்டாலோ ஒழிய, ஒரு குழந்தைமீது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யக் கூடாது. பொது நாட்குறிப்பில் எழுதி, குழந்தையின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அதே மாதிரி விதிகள் சொல்வது. ‘பெரியவர்களோடு சேர்ந்து’ என்னும் அந்தச் சிறு தொடருக்குள் எங்கள் ஊர் வழக்குகளில் பெரும்பகுதி அடங்கிவிடும். இரும்பு திருடப் பதினாறு வயதுப் பையன் தனியே போவதில்லை. அண்ணன்மார் நால்வரோடு போகிறான். முதல் தகவல் அறிக்கையில் ஐந்தாவது பெயராக அவன் பெயர் ஏறுகிறது. வழக்கு பின்னர் பிரிக்கப்பட்டு அவன் பகுதி குழுமத்துக்குப் போனாலும், அறிக்கையில் அவன் பெயர் அப்படியே இருக்கும். ஒரு காலத்தில் அது நிலையத்தின் மூலையில் கரையான் அரிக்கும் காகிதம். இன்றோ நாடெங்கும் காவல் நிலையங்களை இணைக்கும் கணினி வலையமைப்பில் ஒரு பெயரைத் தட்டினால் போதும். காகிதத்தைக் கொளுத்த முடியும். நான்கு பெரியவர்களின் வழக்குக்கும் ஆதாரமான ஓர் அறிக்கையிலிருந்து ஐந்தாவது பெயரை மட்டும் யார் நீக்குவது, எப்போது நீக்குவது, நீக்கியதை யார் சரிபார்ப்பது?

இதனோடு சேர்ந்தது வயதுச் சிக்கல். பள்ளியை இடையில் விட்ட பையனிடம் நிலையத்தில் வயது கேட்டால், வாய்க்கு வந்ததைச் சொல்வான். எழுதுபவர் ‘பத்தொன்பது’ என்று எழுதிவிட்டால் அவன் பெரியவன். பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ காட்டி அதைத் திருத்தலாம். வழக்கு முற்றாக முடிந்த பிறகும்கூட, எந்த நீதிமன்றத்திலும், குற்ற நாளில் தான் சிறுவன் என்று முறையிடச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இந்த ஒரு செய்தி தெரியாமலேயே, சிறார் பாதுகாப்புக்கு உரிய பலர் பெரியவர்களாக அபராதம் கட்டிவிட்டு வந்திருப்பார்கள். ‘ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் இன்றோடு முடிந்துவிடும்’ என்ற அறிவுரையைக் கேட்காத ஏழைக் குடும்பம் உண்டா?

மூன்றாவது இடுக்குதான் நான் தொடக்கத்தில் சொன்ன படிவம். முடிந்த சிறார் வழக்கைக் காவல்துறை வெளிப்படுத்தக் கூடாது என்கிறது சட்டம். படிவமோ, காவல்துறை சொல்லக் கூடாததை அந்த இளைஞனே தன் கையால் எழுதித் தர வேண்டும் என்கிறது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊடகங்கள் குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம்வரை சிறையோ இரண்டு இலட்சம் ரூபாய்வரை அபராதமோ உண்டு. ஆனால் அந்தத் தண்டனை 74-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவை மீறுவோருக்கு மட்டுமே. காவல்துறையைக் கட்டுப்படுத்தும் இரண்டாம் உட்பிரிவை மீறினால் என்ன ஆகும் என்று அதே பிரிவு எதுவும் சொல்லவில்லை. தடை இருக்கிறது, தடையை மீறியவருக்கு விலை இல்லை.

நீதிமன்றங்கள் இதில் சும்மா இருக்கவில்லை. தீர்ப்புகளைப் பற்றிப் பேசுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன்: வழக்காடிய இளைஞர்களின் பெயர்களை நான் எழுதப்போவதில்லை. மறக்கப்பட வேண்டிய பழைய வழக்கை மறக்கச் செய்வதற்காக உச்ச நீதிமன்றம்வரை போன ஒருவரின் பெயர், அந்த வெற்றியினாலேயே சட்ட இதழ்களில் என்றென்றைக்கும் பதிந்துவிடுகிறது. அந்த முரணில் என் பங்கும் சேர வேண்டாம்.

2011 மார்ச்சில் டெல்லிக் காவல்துறையின் தலைமைக் காவலர் பணி தொடர்பாக ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஏறத்தாழ இருபது வயதில் ஓர் அடிதடி வழக்கில் சிக்கி, சமரசத்தில் விடுதலையான ஒருவர் விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்ததால் நம்மவர்க்கு நன்கு அறிமுகமான மார்க்கண்டேய கட்ஜுவும் நீதிபதி கியான் சுதா மிஸ்ராவும் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். ரொட்டித் துண்டு திருடியதற்காக வாழ்நாள் முழுதும் முத்திரை குத்தப்பட்ட ழான் வல்ழானை, விக்தோர் யூகோவின் நாவலிலிருந்து கட்ஜு அத்தீர்ப்புக்குள் அழைத்து வந்தார். இளமையின் சறுக்கலை வாழ்நாள் பழியாக்கக் கூடாது என்பது அதன் சாரம். மனத்துக்கு இதமான தீர்ப்புதான். ஆனால் அது கருணையின் மொழியில் எழுதப்பட்டது. அந்த நாற்காலியில் வேறொருவர் அமர்ந்தால் முடிவும் வேறாகலாம். அப்படித்தான் ஆயிற்று: 2013-இல் அதே டெல்லிக் காவல்துறை தொடர்பான இன்னொரு வழக்கில், காவல் பணிக்கு வருபவர் மாசற்ற நடத்தையுடையவராக இருக்க வேண்டும், விடுதலை பெற்றாலும் தேர்வுக் குழு மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது.

இந்த முரண்களைச் சீர்செய்ய 2016 ஜூலை 21 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, அவதார் சிங் வழக்கில், நெறிமுறைகளை வகுத்தது. இந்தப் பெயரைத் தவிர்க்க இயலவில்லை. அந்த நெறிமுறைகளே அப்பெயரால்தான் வழங்குகின்றன. இளவயதில் முழக்கமிட்டது போன்ற சிறு வழக்குகளை மறைத்திருந்தாலும் பணியளிப்பவர் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னாலும் முன்வரலாற்றைப் பரிசீலிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பது அதன் போக்கு. ‘பொறுத்துக்கொள்ளலாம்’ என்றால் பொறுக்காமலும் விடலாம். தமிழ்நாட்டில் நிலை இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார் என்னும் பணி விதியைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-இல் செல்லும் என்றது. இவை யாவும் வயது வந்தவர்களைப் பற்றியவை. ஆனால் தேர்வுக் குழுவின் மேசையில் சிறார் வழக்கும் இதே தட்டில் வைத்தே நிறுக்கப்படுகிறது என்பதுதான் துயரம்.

அதைப் பிரித்துக் காட்டியது 2019 நவம்பர் 29 அன்று வந்த தீர்ப்பு. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையில் உதவி ஆய்வாளர் பணிக்குத் தேர்வான ராஜஸ்தான் இளைஞர் ஒருவர், ஒரு பெண்ணின் கண்ணியத்துக்குக் குந்தகம் விளைவித்ததாகவும் அத்துமீறி நுழைந்ததாகவும் சிறு வயதில் வழக்குக்கு உள்ளானவர், பின்னர் விடுதலையானவர். வழக்கை அவர் மறைக்கவும் இல்லை. ஆயினும் பணி மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒன்றிய அரசு மேல்முறையீடு செய்தது. நீதிபதிகள் உதய் உமேஷ் லலித், வினீத் சரண் ஆகியோர் அதைத் தள்ளுபடி செய்தனர். விடுதலை ஆகியிருக்காமல் குற்றம் உறுதியாகியிருந்தாலும்கூட, சம்பவ நாளில் அவர் சிறுவன் என்பதால் அது அவரது பணிக்குத் தடையாகாது என்பதே அத்தீர்ப்பின் உயிர்நாடி. கட்ஜுவின் தீர்ப்பைவிட இதை நான் மேலாக மதிக்கிறேன். இது எவரது நல்ல மனத்தையும் நம்பியிருக்கவில்லை. சட்டப் பிரிவை நம்பியிருக்கிறது. இது எளிதில் அனுதாபம் பிறக்கும் வழக்கும் அன்று. பசிக்கு ரொட்டி திருடிய கதைக்குக் கண்ணீர் விடுவது எளிது. மனம் சுளிக்கும் குற்றச்சாட்டு எழும்போதும் சட்டத்தின் வாக்குறுதி நிற்கிறதா என்பதுதான் சோதனை.

அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021-இல் இன்னும் ஓரடி முன்னே போனது. சிறு வயதில் எதிர்கொண்ட வழக்குகளைத் தெரிவிக்குமாறு காவல் பணி விண்ணப்பதாரரைக் கேட்பதே அவரது தனியுரிமைக்கும் நற்பெயருக்கும் எதிரானது, அரசமைப்பின் 21-ஆம் உறுப்பை மீறுவது என்று அது சொன்னது. கேள்வியே தவறு என்றால் அதற்குச் சொன்ன பதில் எப்படிக் குற்றமாகும்? சிக்கலின் ஆணிவேரைத் தொட்ட தீர்ப்பு அது. ஆனால் அலகாபாத் தீர்ப்பு கர்நாடக அரசைக் கட்டாயப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம், அவ்வளவே.

நீதிமன்றத்தை நாடுவதன் விலையும் சிறிதன்று. 2004-இல் உத்தரப் பிரதேசக் காவலராகத் தேர்வாகி, விடுதலையான வழக்கொன்றைக் குறிப்பிடாததற்காக நியமனம் ரத்தான ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் நியாயம் வழங்கியது 2024 பிப்ரவரியில். இருபது ஆண்டுகள்! அவர் சிறுவராக இருந்தவர் அல்லர். ஆனால் காத்திருப்பின் நீளத்தைச் சொல்ல அவர் வழக்கு போதும். மாரிக்குப்பம் ரயிலில் தினக்கூலிக்குப் போகும் குடும்பம் இருபது ஆண்டு வழக்கு நடத்துமா?

எதிர்த்தரப்பின் வாதத்தை இகழ்ந்து ஒதுக்க நான் விரும்பவில்லை. ‘திருடன் கையிலேயே சாவியைக் கொடுப்பதா’ என்று கேட்பவர்கள் எல்லாரும் ஏழைகளின் பகைவர் அல்லர். காவல்நிலையத்தில் அடிபட்ட ஏழைகளே அவ்வாறு கேட்பதுண்டு. துப்பாக்கியும் லத்தியும் கைது அதிகாரமும் பெறப்போகிறவரை எழுத்தர் பணிக்கு வருபவரைவிட நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பிரிட்டனில் காவல் பணிக்கு விண்ணப்பிப்பவர் சிறு வயதில் பெற்ற எச்சரிக்கைவரை அனைத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய தண்டனைகளைக் காலப்போக்கில் மறக்கச் செய்யும் அந்நாட்டின் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் காவல் பணிக்குப் பொருந்தாது. சொன்ன பிறகு அவரது அன்றைய வயதையும் இடைப்பட்ட காலத்தையும் பார்த்துத் தனித்தனியே முடிவெடுப்பார்கள். அந்த முறையோடு நான் உடன்படவில்லை. ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. ‘நாங்கள் மறக்க மாட்டோம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நாமோ, ‘அழித்துவிட்டோம், போய்ப் புதிதாகத் தொடங்கு’ என்று பையனிடம் சொல்லிவிட்டு, அவன் தொடங்கிய பிறகு ‘எப்போதாவது...’ என்று கேட்கிறோம். அவனது நடத்தையைச் சோதிக்க வேண்டுமானால், பதினெட்டு வயதுக்குப் பிந்தைய நான்கைந்து ஆண்டுகள் அதற்காகவே நம்முன் திறந்து கிடக்கின்றன. அவற்றை எத்தனை நுணுக்கமாக வேண்டுமானாலும் ஆராயட்டும்.

‘மாசற்ற முன்வரலாறு’ என்பது நடத்தையை மட்டும் அளப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெங்களூரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினாறு வயதுப் பையன் அப்பாவின் வண்டியை எடுத்துப்போய் மோதினால், விவகாரம் பெரும்பாலும் இரண்டு தொலைபேசி அழைப்புகளில் தீர்ந்துவிடும். லைன் வீட்டுப் பையன் துருப்பிடித்த குழாயைத் தூக்கினால் நாட்குறிப்பில் ஏறிவிடுவான். முன்னவனின் வரலாறு மாசற்றது, பின்னவனுடையது மாசுபட்டது. பெரும்பான்மையும் தலித் மக்கள் வாழும், அரசு நிறுவனமே வேலையைப் பறித்துவிட்டுப் போன ஒரு நகரத்தில், காவல்துறைப் பதிவேட்டை ஒழுக்கத்தின் அளவுகோலாகக் கொள்வது எவ்வளவு பொருந்தும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

என் கோரிக்கை மிகச் சிறியது. புதிய சட்டம் வேண்டாம், ஆணையம் வேண்டாம். படிவத்தின் அந்தக் கேள்விக்கு மேலே ஒரு வாக்கியம் அச்சிடப்பட வேண்டும்: பதினெட்டு வயது நிறையுமுன் நிகழ்ந்து, இளைஞர் நீதிக் குழுமத்தால் முடிக்கப்பட்ட வழக்குகளை இங்கே குறிப்பிட வேண்டியதில்லை. கர்நாடகப் போலீஸின் ஆட்சேர்ப்புப் பிரிவு நினைத்தால் அடுத்த அறிவிப்பிலேயே செய்துவிடலாம். மைய ஆயுதப் படைகளுக்கு உள்துறை அமைச்சகத்தின் சுற்றறிக்கை ஒன்று போதும். அதனுடன், குழுமங்கள் ஒவ்வோர் இறுதி ஆணையிலும் பதிவை அழிக்க வேண்டிய தேதியையும் எழுதிவிட்டால், ஏழு ஆண்டு விதியின் கேடு பாதி குறையும்.

அதுவரை, இவ்வாண்டு படிவம் நிரப்பப்போகும் தம்பி தங்கைகள் என்ன செய்வது? நான் வழக்கறிஞன் அல்லன். தீர்ப்புகளைத் தொடர்ந்து படிக்கும் ஆய்வாளன் என்ற அளவில் சொல்கிறேன். வெறும் ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். அலகாபாத் தீர்ப்பின்படி அது தவறில்லை என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை வேலையை இழந்த பிறகுதான் வைக்க நேரும். வெறும் ‘ஆம்’ என்றும் எழுதாதீர்கள். சம்பவ நாளில் பதினெட்டு வயது நிறையவில்லை, வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தால் முடிக்கப்பட்டது, சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி இது தகுதியின்மை ஆகாது என்று அந்தக் கட்டத்திலேயே எழுதுங்கள். இடம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதி இணையுங்கள். எழுதியதன் நகல் உங்களிடம் இருக்கட்டும். இப்படி எழுதுவது, நீங்கள் சொல்லத் தேவையில்லாததைச் சொல்ல வைக்கிறது என்பதை அறிவேன். ஆயினும் 2019-இன் தீர்ப்பு, மறைக்காத ஒருவருக்கு வந்த தீர்ப்பு.

படிவம் வரும்வரை காத்திராமல், கோலாரில் உள்ள குழுமத்திடம் இறுதி ஆணையின் சான்றிட்ட நகலைக் கேட்டுப் பெறுங்கள். பதிவை அழிக்க உத்தரவு பிறப்பிக்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் பிறப்பிக்க மனுச் செய்யுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் சொல்கிறது. நியமனம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாநிலக் காவல் பணி என்றால் பெங்களூரில் உள்ள கர்நாடக நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கும், மைய ஆயுதப் படைகள் என்றால் உயர் நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். காலம் கடத்தாதீர்கள், வயது வரம்பு உங்களுக்காகக் காத்திருக்காது.

இந்தப் பதிவைப் பகிர்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த பையன் ஒருவனின் பெயரையோ வழக்கையோ பின்னூட்டத்தில் எழுத வேண்டாம். தேவைப்படுபவருக்கு இதைத் தனியே அனுப்புங்கள்.